சும்மாத் தாள்

தம்பி அழைத்தபோது பெரியவள் மேகத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். அழகுக்காகச் சொல்கிற பேச்சு இல்லை இது. அவள் வேலை செய்கிற ஆய்வு நிலையம் மலை முகட்டில் இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் மேகம் அதன் வாசல்வரை வந்து நிற்கும், கதவைத் திறந்து வைத்தால் சொந்தக்காரர் மாதிரி உள்ளேயும் வந்துவிடும். அந்த மேகத்தைப் பிடித்து, துளியை உலர்த்தி, துளியின் நடுவில் உட்கார்ந்திருந்தது என்ன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. நீராவி தானாகத் துளி ஆகிவிடாது. உட்கார்வதற்கு அதற்கு ஒரு பொடி வேண்டும்; கடல் உப்போ, காட்டுப் புகையோ, எவனோ ஓட்டிப்போன லாரியின் கரியோ, ஏதோ ஒன்று. பொடி அளவாக இருந்தால் துளி பெருத்து மழையாக விழும். அளவுக்கு மிஞ்சினால் இருக்கிற தண்ணீரை ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொண்டு துளியெல்லாம் சிறுத்துவிடும். சிறுத்த துளிக்கு விழத் தெம்பிருக்காது. மேகம் பெய்யாமலும் கலையாமலும் தொங்கிக்கொண்டே கிடக்கும். பதினாறு வருஷமாக இதைத்தான் அவள் அளந்துகொண்டிருக்கிறாள்.

“அக்கா, அப்பாவுக்கு மறுபடியும் மூச்சு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தேன். காலையிலதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.”

“ரெண்டு நாளா? ஏன்டா எனக்குச் சொல்லல?”

“சொன்னா என்ன சொல்லுவ? மேகம் இருக்கு, இப்ப இறங்க முடியாதும்ப.”

நான்கு மாதத்துக்கு முன்பு அம்மாவுக்கு முடியவில்லை என்று அவன் அழைத்தபோது இதே வார்த்தையைத்தான் அவள் சொல்லியிருந்தாள்.

“டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. வீட்டுல இருக்கற தூசி பூராவும் எடுக்கணுமாம். இன்னொரு வாட்டி இப்படி வந்தா தாங்காதுன்னு சொல்றாரு. ஆனா உங்கப்பா துடைப்பத்தைத் தொட விட மாட்டேங்கறாரு. நான் தொட்டேன், என்னைப் பிடிச்சுத் தள்ளிட்டாரு. நீ வந்து சொல்லு.”

“நீ சொல்லி கேட்காதவரு, நான் சொன்னா கேட்பாரா?”

“நீ சொன்னதைக் கேட்டுத்தான இப்படி உட்கார்ந்திருக்காரு. ஞாபகம் இல்லையா உனக்கு?”

ஞாபகம் இருந்தது. அம்மாவை எரித்த அன்று மின்மயானத்து மதிலோரம், அப்பா புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தபடி, “இந்தப் புகை எங்கம்மா போகும்?” என்று கேட்டார். முகட்டிலிருந்து நேரே வந்திறங்கிய அவளுக்குத் தூக்கம் இல்லை, அழுகையும் வரவில்லை. வாயில் வந்தது வேலைதான். “பெரிய துகள் பக்கத்துலயே விழுந்துடும்பா. சின்னது பத்து நாள்வரைக்கும் காத்துல இருக்கும். இன்னைக்குக் காத்து நம்ம தெருப் பக்கம் அடிக்குது. வீட்டுக்குள்ளயும் கொஞ்சம் வரும்.” பாடம் நடத்துகிற மாதிரி சொன்னாள். அப்பா தலையாட்டினார். மறுநாளே துடைப்பத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று தம்பி பிற்பாடுதான் சொன்னான். துக்கம், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள்.

அன்றே இறங்கினாள். முகட்டில் போடுகிற கனத்த ஜாக்கெட்டோடு, ஒரு சின்ன பம்ப், ஒரு டப்பா ஃபில்டர் தாள் எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பழக்கம் அப்படி. சிலருக்குக் குடை இல்லாமல் வெளியே போக வராது, இவளுக்கு ஃபில்டர் இல்லாமல் வராது.

*

அப்பா நாற்பது வருஷம் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்தவர். லென்ஸில் ஒரு பொடி ஒட்டியிருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண்ணாடிப் பொடியே உள்ளே போய் நுரையீரலைப் புண்ணாக்கியது. அம்மா சலவைக் கூடத்தில் இருபது வருஷம் நின்றவள். அழுக்கு அவளுக்கு ஜென்மப் பகை. காலையும் மாலையும் வீட்டைக் கூட்டுவாள், கூட்டின இடத்தை ஈரத் துணியால் துடைப்பாள், துடைத்த இடத்தில் யாராவது நடந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். அப்படிப்பட்ட இரண்டு பேர் வாழ்ந்த வீடு அது.

மறுநாள் காலை கதவைத் திறந்ததும் அவளுக்கு முதலில் உறைத்தது சத்தம் இல்லாததுதான். காலடிச் சத்தமே கேட்கவில்லை. தரை, மேஜை, அம்மாவின் நாற்காலி, சன்னல் கம்பி எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் நிறத்தில் நான்கு மாதத் தூசி மெத்தென்று படிந்திருந்தது. அதன் நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் சுவரோரமாக ஒரு தடம். படுக்கையிலிருந்து கழிவறைக்கு, கழிவறையிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து சன்னலோரப் பெஞ்சுக்கு. அப்பா அந்த ஒற்றையடிப் பாதையில்தான் நான்கு மாதமாக நடந்திருக்கிறார். மற்ற இடத்தில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

அப்பா பெஞ்சில் இருந்தார். இளைத்துப்போயிருந்தார். மூச்சு இழுக்கும்போது கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது.

“வந்துட்டியா. அங்க மிதிக்காத. இப்படி ஓரமா வா.”

“என்னப்பா இது கோலம்?”

“ஓரமா வாம்மா. சொன்னா கேளு.”

பதினாறு வருஷம் தூசியிலேயே புழங்கினவள், அந்த நேரத்தில் ஏனோ காலை ஒடுக்கிக்கொண்டு தடத்தின் வழியாகவே நடந்தாள். தம்பி டவுன் பஸ் ஓட்டுகிறவன், மதிய ஷிஃப்டுக்குக் காக்கிச் சட்டையோடு வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

“பார்த்தியா? அம்மா மட்டும் இப்ப இதைப் பார்த்திருந்தா, இந்தத் தூசியைப் பார்த்தே செத்திருப்பா,” என்றான்.

“வாயக் கழுவுடா,” என்றார் அப்பா. ஆனால் குரலில் கோபம் இல்லை. அவர் மேஜை மேல் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு டப்பா அளவிலான பெட்டி. காற்றில் எத்தனை துகள் என்று எண்ணிச் சொல்லும். அப்பாவின் மூச்சுக்காக இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளே வாங்கி வைத்தது. எண் ஏறினால் சன்னலைச் சாத்திவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்போது எல்லாச் சன்னலும் சாத்தித்தான் இருந்தன.

“மணி என்ன?” என்றார்.

“பதினொண்ணு பதினெட்டு.”

“உட்காரு. பேசாத.”

உட்கார்ந்தாள். வீட்டில் ஒன்றும் அசையவில்லை. பெட்டியில் அறுபது, அறுபத்திரண்டு, அறுபத்தொன்று என்று எண் தூங்கிக்கொண்டிருந்தது. பதினொன்று இருபதுக்கு அது எழுபதானது. அப்புறம் நூறு. நூற்று ஐம்பது. சாத்திய வீட்டில், யாரும் நடக்காத தரையில், எதுவோ தூசியைக் கிளப்பிக்கொண்டு அம்மாவின் நாற்காலியிலிருந்து சமையலறைப் பக்கம் போகிற மாதிரி இருந்தது. அப்பா நீட்டியிருந்த காலை மெதுவாக உள்ளே மடக்கிக்கொண்டார்.

“ஏன்பா காலை மடக்கறீங்க?”

“வழியில இருக்கேன்ல.”

அவள் கையில் மயிர் எழுந்து நின்றது. அதைத் தடவி விட்டுக்கொண்டாள்.

“அப்பா, மேல பாருங்க. கூரையில கண்ணாடி ஓடு இருக்கா? சரியா இந்த நேரத்துக்கு வெயில் அது வழியா இறங்கித் தரையில விழுது. தரை சூடாகுது. சூட்டுக்குக் காத்து மேல எழும்புது, தூசியும் கூடவே எழும்புது. அவ்வளவுதான்.”

அப்பா பொறுமையாகக் கேட்டார். சின்ன வயசில் அவள் வாய்ப்பாடு ஒப்பித்தபோதும் அப்படித்தான் கேட்பார்.

“அவளும் சரியா இந்த நேரத்துக்குத்தான் எழுந்து உலை வைக்கப் போவா. முப்பத்தெட்டு வருஷம். ஒரு நாள் முன்ன பின்ன ஆனதில்ல.”

“வெயில் படுது, அதனால எழுந்திருப்பாங்க.”

“அதத்தான் நானும் சொல்றேன்,” என்றார். சொல்லி முடிக்கும்முன் இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை. ஆளை இரண்டாக மடித்துப் போட்டு உலுக்கியது. உதடு நீலமாகிவிட்டது. தம்பி செருப்போடு தூசியெல்லாம் மிதித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்து மருந்துக் குழலை வாயில் வைத்தான். அப்பா அந்த நிலையிலும் ஒரு கையால் அவன் காலைச் சுட்டி ‘மிதிக்காதே’ என்று சைகை காட்டினார். இன்னொரு தடவை இப்படி வந்தால் இந்த மனுஷர் இல்லை.

அடங்கியதும் அவரே ஒரு வழி சொன்னார்.

“உன் பம்ப் இருக்குல்ல. இந்த வீட்டுக் காத்தைப் பிடிச்சுப் பாரு. இதுல அவ இல்லைன்னு உன் மெஷின் சொல்லட்டும். நானே என் கையால பெருக்கிடறேன்.”

“இருந்தா?”

“இருந்தா ஒருத்தரும் தொடக் கூடாது. டாக்டரும் சரி, நீயும் சரி. அப்புறம் என்ன ஆகுதோ ஆகட்டும்.”

“அக்கா, சும்மா இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன், உயிர் தப்பிக்கும்,” என்று தம்பி ஆங்காரமாகக் கிசுகிசுத்தான். அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

“அவ சொல்ல மாட்டா. நீ சொல்லுவ. அவ அளந்ததைத்தான் சொல்லுவா.”

*

மூன்று நாள் பிடித்தாள். பிடிப்பது என்றால் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஜாக்கெட்டின் வலது பையிலிருந்து இடுக்கியை எடுத்து, நாணயம் அளவான வெள்ளைத் தாளை அதால் பிடித்து, பம்பின் வாயில் பொருத்தி மூடி, ஒரு நாள் முழுக்கக் காற்றை அதன் வழியாக இழுக்க விட வேண்டும். மறுநாள் அதே இடுக்கியால் எடுத்து டப்பாவில் வைத்து, தேதி எழுதி ஒட்ட வேண்டும். கை படக் கூடாது, பேசக் கூடாது, தும்மினால் போச்சு.

ஒவ்வொரு நாளும் இன்னொரு தாளையும் பம்பில் வைத்தாள். ஆனால் பம்பை ஓட்டவில்லை. வைத்த கையோடு எடுத்து டப்பாவில் போட்டாள்.

“இது எதுக்கு?” என்றான் தம்பி. ஷிஃப்ட் முடிந்து ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கி வந்திருந்தான். மூன்று பேரும் பெஞ்சில் வரிசையாக, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேறு இடம் இல்லை.

“எங்க லேப்ல இதுக்குச் சும்மாத் தாள்னு பேரு. சும்மா போயிட்டு சும்மா வரும். இதுல எதாவது இருந்தா அது காத்துல இருந்து வந்ததில்ல, நம்மகிட்ட இருந்து வந்ததுன்னு அர்த்தம். காத்துத் தாள்ல இருக்கறதுல இருந்து இதக் கழிச்சுடணும்.”

“ஒவ்வொரு தடவையும் இப்படிப் பண்ணுவியா?”

“வைப்பேன். எல்லா வாட்டியும் பார்க்கறதில்ல,” என்று சொல்லிவிட்டு முட்டையைப் பிட்டாள். உண்மைதான். அம்மா போனதிலிருந்து சும்மாத் தாளை எல்லாம் வைத்து, எடுத்து, லேபுக்கு அனுப்பி, குளிர்ப்பெட்டியில் அடுக்கச் சொல்லிவிட்டு மறந்துவிட்டாள். கூடவே அவள் ஒரு மிதப்பில் வேறு இருந்தாள். நான்கு மாதமாக முகட்டு மேகத்தின் துளிகளில் யாரும் பார்த்திராத ஒரு பொடி வந்துகொண்டிருந்தது. வெளுத்த, உருண்டையான பொடி. சுண்ணாம்பும் பாஸ்பரஸும் கலந்தது. தூரத்தில் ஏதோ உரத் தொழிற்சாலையாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, மேகம் விதைக்கிற புதுத் தூசி என்று ஒரு கட்டுரையே எழுதி வைத்திருந்தாள். அடுத்த மாதம் அனுப்புவதாக இருந்தது. துக்கத்தில் அவளைத் தூக்கி நிறுத்தியது அதுதான்.

இரண்டாம் நாள் விடியலிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. கூரைக் கண்ணாடியில் வெயிலின் சுவடே இல்லை. வீடு சில்லென்று ஆனது. பதினொன்று ஆனதும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. இன்றைக்கு எண் ஏறாது, அப்பாவுக்குக் காட்டிவிடலாம்.

“இன்னைக்குப் பாருங்கப்பா. வெயில் இல்லைன்னா ஒண்ணும் எழும்பாது.”

குளிருக்கு அவள் எழுந்து ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பையில் கையை விட்டபடி பெட்டியின் முன்னால் வந்து நின்றாள். பதினொன்று இருபது. அறுபது. அறுபது. எண்பது. நூற்றுப் பத்து. இருநூறு.

நேற்றையதைவிட அதிகம்.

“வெயில் எங்க?” என்றார் அப்பா, மெதுவாக.

அவள் கூரையைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், கதவிடுக்கில் கை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். எங்கும் எதுவும் இல்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி ஒரு கனம். திரும்பவில்லை. திரும்பினால் ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் திரும்பவில்லை. அப்பா காலை மடக்கிக்கொண்டு, “வழியில நிக்காதம்மா,” என்றார். நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றாள். படித்த படிப்பு, வாங்கின பட்டம் எல்லாம் அந்த நேரத்தில் ஒரு காசுக்குப் பிரயோஜனப்படவில்லை.

*

நான்காம் நாள் தாள்களோடு டவுனில் இருக்கிற லேபுக்குப் போனாள். அங்கே தாள்களை நிறுக்கிறவருக்குத் தராசு என்று பட்டப்பேர். ஒரு தூசி கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தன் பெண்டாட்டியின் பேச்சைக்கூட எடை போட்டுத்தான் கேட்பார் என்று கேலி செய்வார்கள். நுண்ணோக்கித் திரையில் முதல் நாள் தாளை அவர் ஏற்றினார். துணி நூல், தோல் செதில், சாலைப் புழுதி, அடுப்புக் கரி, எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அப்புறம் ஓரத்தில் ஒன்று வந்தது. வெளுத்த, உருண்டையான பொடி. பக்கத்தில் இன்னொன்று. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

“சுண்ணாம்பு, பாஸ்பரஸ். ரொம்பச் சூட்டுல வெந்தது,” என்றார் தராசு. “மேடம், இது உங்க மேகத்துப் பொடிதான? வீட்டுக்குள்ள எப்படி? இதப் பார்த்தா எனக்கு எலும்புச் சாம்பல் மாதிரி இருக்கு.”

அப்பாவின் சொல் நினைவுக்கு வந்தது. இருந்தா ஒருத்தரும் தொடக் கூடாது. கொடுத்த வாக்கு. இனி அப்பா அந்தத் தூசியிலேயே உட்கார்ந்து மூச்சடைத்துப் போவார். அவள் அளந்து சொன்ன சொல்லே அவரைக் கொல்லப்போகிறது.

“சும்மாத் தாளைப் போடுங்க,” என்றாள். சொன்ன குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

போட்டார். நூல் இல்லை, செதில் இல்லை, கரி இல்லை. வெள்ளை வெளேரென்ற தாள். அதன் மேல் உருண்டை உருண்டையாக அதே பொடி.

தராசு இரண்டையும் எண்ணினார். மறுபடி எண்ணினார். அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை.

“கழிச்சா பூஜ்யம் மேடம். காத்துல ஒண்ணும் இல்ல. எல்லாம் கைமாறும்போது வந்தது.” தாளைத் திருப்பிப் பார்த்தார். “இங்க பாருங்க, ஓரத்துல ரெண்டு கோடு மாதிரி அடர்த்தியா இருக்கு. இடுக்கி பிடிச்ச இடம். இடுக்கிய எங்க வெச்சிருக்கீங்க?”

அவள் ஜாக்கெட்டின் வலது பையில் கையை விட்டாள். விட்ட கை அப்படியே நின்றது.

அன்று மயானத்தில் அம்மாவின் சாம்பலை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். தம்பி வண்டி ஓட்ட, கடற்கரை போகிறவரை டப்பா அவள் மடியில் இருந்தது. சூடாக இருந்தது, ஒரு பூனைக்குட்டியைப் போல. பாதி வழியில், யாரும் பார்க்காதபோது, மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டாள். ஏன் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையைப் பிடித்திருக்க வேண்டிய கை அது. வந்து சேர்ந்தபோது பிடிக்கக் கை இல்லை. தம்பி திரும்பிப் பார்க்கவும் சட்டென்று கையை எடுத்து ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டாள். கடற்கரையில் டப்பாவைக் கவிழ்த்தவனும் தம்பிதான். அவள் கையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மறுநாள் முகட்டுக்குப் போனாள், இடுக்கியை அதே பையில் போட்டுக்கொண்டாள். அந்த ஜாக்கெட்டை அப்புறம் துவைக்கவில்லை. நேரம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“குளிர்ப்பெட்டியில முகட்டுச் சும்மாத் தாள் எல்லாம் இருக்குல்ல,” என்றாள். “எடுங்க.”

மதியம் முழுக்க ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அம்மா இருந்தவரை எடுத்த தாளெல்லாம் சுத்தம். அவள் முகட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒவ்வொன்றிலும் பொடி. நான்கு மாத மேகம், புதுத் தூசி, எழுதி வைத்த கட்டுரை, எல்லாம் அந்தப் பைக்குள்ளிருந்து வந்தது. மேகத்தில் அம்மா இல்லை. இடுக்கியின் முனையில் இருந்தாள்.

“நாலு மாசம் போச்சே மேடம்,” என்று தராசு வருத்தப்பட்டார்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. காது சுட்டது. ஆனால் அவமானத்துக்கும் அடியில், யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சந்தோஷமும் இருந்தது.

*

“அளந்தியா?” என்றார் அப்பா.

“அளந்தேன்.”

தம்பி இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் தடத்தின் வழியாக வந்து, அப்பாவின் முன்னால் ஜாக்கெட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள்.

“வீட்டுத் தூசியில அம்மா இல்லப்பா. ஒரு பொடிகூட இல்ல. என்கிட்ட இருக்காங்க. இந்தப் பையில.”

எல்லாவற்றையும் சொன்னாள். டப்பாவில் கை விட்டதை, முகட்டில் நான்கு மாதம் கூடவே இருந்ததை, வெயில் இல்லாத நாளில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பெட்டியின் முன்னால் வந்து நின்றதே தான்தான் என்பதை. சொல்லும்போது வேறு ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டது.

“தம்பி கூப்பிட்டப்பவே கிளம்பியிருந்தா பார்த்திருப்பேன்பா. நல்ல மேகம், மூணு வருஷமா வராத மேகம். கலையட்டும்னு ஆறு மணி நேரம் நின்னேன்.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“அவதான் சொன்னா. நீ வர லேட்டாகும்னு இவன் சொன்னப்ப, ‘மேகம் வந்திருக்கும், பாவம், அது போற வரைக்கும் இவளால வர முடியாது’ன்னா. கோவமா எல்லாம் சொல்லல.”

நான்கு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் விழுந்தது. அவள் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சத்தமாக அழுதாள். தம்பி எழுந்து வந்து பக்கத்தில் நின்றான், என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் கையை வைத்து எடுத்தான். அப்பா தன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகி, ஜாக்கெட்டின் பையை விரித்துத் தையலோரத்தை வெகுநேரம் பார்த்தார். லென்ஸில் குறை தேடுகிற அதே பார்வை.

“ம்,” என்றார் கடைசியில். அலமாரிச் சாவியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

அன்று மூன்று பேரும் வேலை செய்தார்கள். உலர்ந்த துடைப்பம் கூடாது, தூசி கிளம்பும் என்று அவள் சொன்னதால் எல்லாம் ஈரத் துணிதான். அப்பா மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, தன் கையால் என்று சொன்ன சொல்லுக்காக அம்மாவின் நாற்காலியை மட்டும் துடைத்தார். மற்றதைத் துடைக்க விடவில்லை, வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். தம்பி முட்டி போட்டுத் தரையைத் தேய்த்தான், வாளி வாளியாகக் கறுத்த தண்ணீர் போனது. தரையின் பச்சைப் பூ வேலை மறுபடி தெரிந்தபோது, “அட, இந்தத் தரைக்கு ஒரு நிறம் இருந்துச்சுல்ல,” என்றான்.

ஜாக்கெட்டை அப்பா யாரையும் தொட விடவில்லை. வெளியே ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, அம்மா துவைக்கிற மாதிரியே கழுத்துப் பட்டியை உள்ளே திருப்பி, பையை வெளியே இழுத்துவிட்டு ஊறப் போட்டார். அவரே கசக்கினார். தண்ணீர் லேசாக வெளுத்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாசலோரத்து மண்ணில் மெதுவாகச் சாய்த்தார். மண் உறிஞ்சிக்கொண்டது.

மறுநாள் காலை வீடு பளிச்சென்று இருந்தது. அப்பாவின் மூச்சில் இழுப்பு குறைந்திருந்தது. இரண்டு படி ஏறிவிட்டு நிற்காமல் பேசினார். சன்னலெல்லாம் திறந்திருந்தன. அவள் சாயங்காலம் மலைக்குத் திரும்ப வேண்டும், கட்டுரை அனுப்பப் போவதில்லை என்று கடிதம் எழுத வேண்டும். அதற்கு முன்னால் பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியில் எட்டு, ஒன்பது, எட்டு என்று எண் இருந்தது. வானம் மறுபடி மூடியிருந்தது, தரையில் வெயில் இல்லை. ஜாக்கெட் வெளியே கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. கிளம்ப ஒன்றும் இல்லை, கிளப்ப ஆளும் இல்லை.

“மணி என்ன?” என்றார் அப்பா.

“பதினொண்ணு பத்தொன்பது.”

இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். அப்பா அவளைப் பார்த்தார்.

“அத அணைச்சுடும்மா.”

பதினாறு வருஷத்தில் அளக்கிற நேரத்தில் ஒரு கருவியை அவள் அணைத்ததே இல்லை. அணைத்தாள். எண் மறைந்து திரை கறுத்தது.

தம்பி ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்து, நாற்காலிக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றான். “என்ன, ரெண்டு பேரும் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?”

அப்பா காலை மடக்கிக்கொண்டார்.

“நடுவுல நிக்காதடா,” என்றாள் பெரியவள். “வழி விடு.”

தம்பி அவளை ஒரு மாதிரி பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் நகர்ந்து சுவரோரமாக நின்றுகொண்டான்.